பாகம்பிரியா ஏறாத பஸ்

எங்கள் வீட்டில் கல்லூரி என்றால் ஒரே கல்லூரிதான். திருச்செங்கோட்டுக்கு வெளியே, கருவேலங்காட்டை அழித்துக் கட்டிய என்ஜினீயரிங் கல்லூரி. என் அண்ணன் அங்கே படித்தான். நான் படித்தேன். சித்தப்பா மகன் ஆனந்தகுமார் படித்தான். அத்தை மகள்கள் இரண்டு பேரும் அங்கேதான் படித்தார்கள். காலை ஏழு ஐம்பதுக்கு அந்தக் கல்லூரியின் மஞ்சள் பஸ் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். ஐந்து பேர் அதில் ஏறி இறங்கிவிட்டோம். ஆறாவதாக ஏற வேண்டியவள் ஆனந்தகுமாரின் தங்கை பாகம்பிரியா. அவள் ஏறவில்லை. அதனால் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்தான்.

அந்தக் கல்லூரிக்கும் எங்களுக்கும் ஒரு பந்தம் உண்டு. என் அப்பா சின்னுசாமி போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர். சித்தப்பா மதியழகன் அதே வண்டியில் ஆபரேட்டர். கல்லூரி கட்டத் தொடங்கிய காலத்தில் அந்த இடத்தில் நாலு ரிக் வந்து புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிருந்தன. ஐந்தாவதாக அப்பா போனார். நானூறு அடி என்று பேச்சு. நானூறு அடியிலும் தூசிதான் வந்தது. போதும், வண்டியை எடுங்கள் என்று தாளாளர் சொல்லிவிட்டார். அப்பாதான், "இன்னொரு ரெண்டு ராடு என்ற பொறுப்புல எறக்கறனுங்க" என்று பிடிவாதம் பிடித்தாராம். ஒரு ராடு என்றால் இருபது அடித் துளைக் குழாய். இரண்டாவது ராடு பாதி இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நனைந்த சட்டையோடு தாளாளர் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க ஊட்டுப் பிள்ளைக அத்தன பேருக்கும் இங்க எடம் உண்டு சின்னுசாமி" என்றார். சொன்ன சொல்லை அவர் கடைசிவரை காப்பாற்றினார். எட்டாவதோடு நின்றுபோன என் அப்பாவுக்கு அந்தக் கல்லூரி வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடிப்பார். அப்பா வாங்கிய ஒரே பட்டம் அதுதான்.

பாகம்பிரியா எங்கள் கொங்கு வீடுகளில் வழக்கமாகப் பார்க்கிற மாதிரியான பெண் இல்லை. ஓரிடத்தில் உட்காரமாட்டாள். சிறுமியாக இருந்தபோதே நடந்துகொண்டேதான் பாடம் படிப்பாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து எட்டாம் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தவள். "இந்தப் புள்ளைக்குக் கால்ல சக்கரம்" என்று சித்தி ஜோதி அலுத்துக்கொள்வார். திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் அம்மன் பேர்தான் அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் பிரியா. வீட்டில் அம்மிணி.

அவள் பதினோராவது போன வருடம் கொரோனா. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பாடமெல்லாம் போனில் நடந்தது. அந்த மாதங்களில் ரிக் வண்டி வெளிமாநிலம் போகவில்லை. பக்கத்து ஊர்களில்தான் வேலை. வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல், சித்தப்பாவோடு வண்டியில் ஏறிப் போகத் தொடங்கினாள். லாரி கேபினில் உட்கார்ந்து போனில் வகுப்பைக் கேட்பாள். வகுப்பு முடிந்ததும் இறங்கி, குழிக்குள்ளிருந்து ஊதித் தள்ளும் கல்தூளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முதலில் செம்மண் நிறம். கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிடும். பிறகு சாம்பல். சில இடத்தில் கருநீலம். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு கைப்பிடி எடுத்து, தீர்ந்துபோன தயிர் டப்பாக்களில் போட்டு ஊர்ப் பேரும் ஆழமும் எழுதி வைத்தாள்.

"எதுக்குங்கப்பா நெறம் மாறுது?" என்று கேட்டாள்.

"கல்லு கண்ணு. கல்லுன்னா பல நெறமாத்தான் இருக்கும்" என்றார் சித்தப்பா. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு விவசாயியின் காட்டில் அது நடந்தது. காட்டுக்காரர் நீரோட்டம் பார்க்க இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து மேற்கு மூலையைக் காட்டினார். இன்னொருவர் வேப்பங்குச்சியோடு நடந்து கிழக்கு மூலையைக் காட்டினார். இரண்டு பேரும் அடித்துச் சொன்னார்கள். மேற்கில் போட்டோம். கிழக்கில் போட்டோம். பிறகு நடுவில் ஒன்று. கிணற்றோரம் ஒன்று. நாலும் புழுதி. அந்த மனிதர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மண்ணில் குந்தியதையும், நாங்கள் ராடுகளைக் கழற்றி அடுக்கிக்கொண்டு புறப்பட்டதையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்கு வந்தும் சாப்பிட உட்காரவில்லை.

"கீழ என்ன இருக்குதுன்னு ஒருத்தருக்குமே தெரியாமயா அண்ணா ஓட்ட போடறோம்?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரசர் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் சொல்லியிருப்பேன். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அவளே போனில் தேடிக் கண்டுபிடித்தாள். புவியமைப்பியல் என்று ஒரு படிப்பு இருந்தது. சேலத்தில் அரசுக் கல்லூரியிலேயே இருந்தது. பன்னிரண்டாவது முடிந்ததும் என் லேப்டாப்பில்தான் விண்ணப்பம் போட்டாள். நல்ல மார்க். நான் விளையாட்டாக நினைத்தேன். வீட்டில் யாரும் அவளிடம் என்ன படிக்கிறாய் என்று கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது? அதற்குள் அப்பா அவளுடைய அசல் சான்றிதழ்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு எங்கள் கல்லூரியில் கொடுத்து, கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் பிடித்துவிட்டு வந்திருந்தார். சித்தி நாலு சுடிதார் தைக்கக் கொடுத்தார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் சேலம் கல்லூரியிலிருந்து அவள் போனுக்குச் செய்தி வந்தது. வியாழக்கிழமை கலந்தாய்வு. அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும்.

அன்று மத்தியானம் சித்தியிடம் சொன்னாள். சித்தி முதலில் திட்டினார். பிறகு அழுதார். "பெரியப்பா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? உன்ற அப்பாகிட்டயே கேளு" என்றார். சித்தப்பா அப்போது மத்தியப் பிரதேசத்தில் வண்டியோடு இருந்தார். போனில் கம்ப்ரசர் இரைச்சல்தான் பாதி கேட்டது. அவள் கத்திக் கத்திச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "பெரியப்பாகிட்டக் கேட்டியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அண்ணனை மீறி ஒரு வார்த்தை பேசிப் பழகாத மனிதர்.

மூன்று நாள் அவள் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அப்பா பேப்பர் படிக்கும்போது வருவாள். எதிரே நிற்பாள். "என்ன அம்மிணி?" என்றால் "ஒண்ணுமில்லீங்க பெரியப்பா" என்று திரும்பிப் போவாள். நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் வேலைக்கான ஆர்டர் வரும் வரும் என்று காத்திருந்த நேரம். அப்பாவிடம் எதையும் கிளறிவிடப் பயம்.

புதன்கிழமை மத்தியானம் அப்பாவுக்குக் கல்லூரி ஆபீசிலிருந்து போன் வந்தது. "உங்க பொண்ணு காத்தால இருந்து இங்க நிக்குதுங்க. சர்ட்டிபிகேட்டத் திருப்பிக் கேக்குதுங்க. கொஞ்சம் வாரீங்களா?"

அப்பா "வண்டிய எட்றா" என்றார். பட்டறையில் ரிக்கின் துளைச் சுத்தியலுக்கு கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தவர், அந்த அழுக்குச் சட்டையோடே என் பைக்கில் பின்னால் உட்கார்ந்தார்.

அவள் ஆபீஸ் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது மணியிலிருந்து நிற்கிறாளாம். நாற்காலி போட்டும் உட்காரவில்லையாம். எங்களைப் பார்த்ததும் துப்பட்டாவின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். மூன்று பேரும் தாளாளர் அறைக்குள் போனோம்.

தாளாளருக்கு வயதாகியிருந்தது. கோபமாக இல்லை. புரியாமல்தான் கேட்டார். "பாப்பாவுக்கு நம்ம காலேஜ் புடிக்கலையாமா சின்னுசாமி?"

அப்பா அவளைப் பார்த்தார். "என்ன சாமி இது?"

"காலேஜ் நல்ல காலேஜுங்க. நான் படிக்கோணும்னு நெனைக்கற பாடம் இங்க இல்லீங்க பெரியப்பா."

"என்ன பாடம்?"

"ஜியாலஜிங்க. பூமிக்குள்ள இருக்கற கல்லப் பத்தின படிப்பு. சேலத்துல கெடைக்குது. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

அப்பா சிரித்தேவிட்டார். "கல்லா? முப்பது வருசமா நான் கல்லத்தான ஓட்ட போட்டுட்டு இருக்கறேன்? அதப் படிக்க ஒரு காலேஜா?"

அவள் அங்கே நிறுத்தியிருக்கலாம். மூன்று நாளாக வாய்க்குள் வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. "நாம ஓட்டதானுங்க போடறோம் பெரியப்பா. கீழ என்ன இருக்குதுன்னு தெரிஞ்சா போடறோம்? தெரிஞ்சிருந்தா மல்லசமுத்திரத்துல அந்த மனுசன் காட்டுல நாலு ஓட்ட போட்டிருப்போமுங்களா?"

அப்பாவின் காது மடல் சிவந்தது. இந்த மனிதர்தான், தண்ணீர் கண்டுபிடித்த கை என்று அந்தக் கையைப் பிடித்தவர். அவர் முன்னால் வைத்து வீட்டுப் பிள்ளையே சொல்லிவிட்டாள், உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று. அவள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை. அப்பாவின் காதில் அப்படித்தான் விழுந்தது.

"உங்க இஷ்டந்தான் சின்னுசாமி. நீங்க சொன்னாக் குடுத்தர்றேன்" என்றார் தாளாளர்.

"குடுத்துருங்க" என்றார் அப்பா.

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். சி-ன்-னு-சா-மி என்று ஒவ்வொரு எழுத்தாக அவர் போட்டு முடிக்கும்வரை எல்லோரும் காத்திருந்தோம். கவர் வந்தது. அதை அவள் கையில் கொடுக்கவில்லை. மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். வாசலில் செக்யூரிட்டி எழுந்து சல்யூட் அடித்ததை அவர் கவனிக்கவில்லை. பைக்கில் வரும்போது ஒரே ஒரு தடவை, "மெதுவாப் போடா" என்றார். நான் முப்பதில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை.

மறுநாள் சித்திதான் அவளோடு சேலம் போனார். இடம் கிடைத்துவிட்டது. திரும்பி வந்து சித்தி என் அம்மாவிடம், "பூராப் பசங்களாவே இருக்கறானுக அக்கா. நம்ம புள்ளையோட சேத்து நாலு பொம்பளப் புள்ளைகதான்" என்றார். நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று தெரியாத குரல். தைத்து வந்த சுடிதார்கள் எப்படியும் உடுத்தத்தானே என்று நாலையும் எடுத்து அவளிடம் கொடுத்தார்.

இவ்வளவு போராடிப் போனவள் அங்கே போய் மகிழ்ச்சியாக இருந்தாள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. இல்லை. காலை ஆறு இருபதுக்கு சேலம் பஸ். சங்ககிரி வரை நின்றுகொண்டே போக வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் வேறெங்கும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். புத்தகமெல்லாம் ஆங்கிலம். இவள் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். படிகங்களின் வடிவம் பற்றி ஒரு பாடம், அதில் மரக்கட்டையில் செய்த உருவங்களைக் கையில் கொடுத்து அச்சு எங்கே, தளம் எங்கே என்று கேட்பார்களாம். அவளுக்கு எல்லாக் கட்டையும் ஒன்றுபோலத் தெரிந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது மூன்றாவது வருடம்தான் வரும் என்றார்கள். முதல் செமஸ்டரில் அந்தப் பாடத்தில் அரியர் விழுந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரே கேள்வி. "அதுக்கு என்ன வேல கெடைக்கும் அம்மிணி?" அத்தை மகள்கள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, தீபாவளிக்கு எல்லோருக்கும் துணி எடுத்து வந்தார்கள். அப்பா அதை எல்லோரிடமும் காட்டினார். சுவருக்கு இந்தப் பக்கம் பேசினாலும் அந்தப் பக்கம் கேட்கும். கேட்க வேண்டும் என்றே பேசினார் என்றும் சொல்லலாம்.

அந்தச் சமயத்தில் நான் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். ஏழு மாதம்தான் தாங்கினேன். ஏசி அறையில் யாரோ வரைந்த படத்தில் அளவு சரிபார்க்கும் வேலை. ஏன் வந்தாய் என்று அப்பா கேட்கவில்லை. ரிக்குக்கு உதிரிப் பாகம் வாங்குவதையும் புக்கிங் எடுப்பதையும் என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரு சாயங்காலம் பாகம்பிரியா பட்டறைக்கு வந்தாள். துருப்பிடித்த துளைமுனை பிட் ஒன்றைக் காலால் உருட்டிக்கொண்டே நின்றாள்.

"அண்ணா, நான் தப்புப் பண்ணிட்டனா?"

"யாரு கண்டா" என்றேன்.

"உங்கள அன்னைக்கு அந்தக் காலேஜுக்குப் போகச் சொல்லாம, எங்க போகோணும்னு கேட்டிருந்தா எங்க போயிருப்பீங்க?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையாகவே ஒன்றும் தோன்றவில்லை. அது எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போதும்தான். அவளிடம், "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஏறினேன், அவ்வளவுதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அவளைப் படிப்பில் பிடித்து நிறுத்தியது சித்தப்பாதான் என்று நினைக்கிறேன். அதுவும் அவர் நினைத்துச் செய்தது இல்லை. மத்தியப் பிரதேசத்திலிருந்து வாட்ஸப்பில் படம் அனுப்ப ஆரம்பித்தார். உள்ளங்கையில் கல்தூள். கீழே குரல் பதிவு. "அம்மிணி, இங்க கருங்கல்லாட்டம் வருது. ஆனா நடுநடுல செகப்பா ஒரு அடுக்கு. அதென்ன?" அவளுக்கு முதலில் தெரியவில்லை. நூலகத்தில் போய்த் தேடினாள். பேராசிரியரிடம் கேட்டாள். எரிமலைக் குழம்பு ஆறிய பாறை என்றும், ஒரு குழம்புக்கும் அடுத்த குழம்புக்கும் நடுவே மண்ணாகிப் போன அடுக்கு அது என்றும் தெரிந்துகொண்டு திருப்பிக் குரல் அனுப்பினாள். சில தடவை தவறாகவும் சொன்னாள். "இல்ல கண்ணு, நீ சொன்னாப்புல வரல" என்று அவர் பதில் போடுவார். மறுபடியும் நூலகம். வாரத்துக்கு மூன்று நாலு படம் வரும். அண்ணனிடம் எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதருக்கு மகளிடம் கல்லைப் பற்றிக் கேட்கத் தெரிந்தது.

இரண்டாம் வருடம் சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டி எடுக்கும் கரட்டுக் குன்றுக்குக் கூட்டிப் போனார்கள். வரும்போது முகமெல்லாம் வெள்ளைப் பொடி. தோளில் சுத்தியல் பை. சித்தி, "பொம்பளப் புள்ளையாட்டமா இருக்கறே?" என்றார். அவள் கைகழுவாமல் நின்றபடியே சோற்றை அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டு, மூன்று கல்லை எடுத்து அடுப்புமேடையில் வைத்து எதற்கு என்ன பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அரியரை அந்த வருடம் முடித்தாள்.

மூன்றாம் வருடக் கடைசியில் புராஜெக்ட். நாலு இரும்புக் கம்பியை வரிசையாகத் தரையில் அடித்து, மின்சாரம் அனுப்பி, கீழே பாறை எப்படி இருக்கிறது என்று அளக்கும் வேலை. கல்லூரியிலிருந்து கருவி வாங்கிக்கொண்டு, கூடப் படிக்கிற மூன்று பேரோடு எங்கள் பக்கத்து ஊர்களிலேயே பத்து இடத்தில் அளந்தாள். அதில் ஓர் இடம் ஜானகியம்மாளுடைய காடு.

ஜானகியம்மாள் கணவர் இல்லாதவர். இரண்டு ஏக்கரில் மரவள்ளி போட்டிருந்தார். ஏற்கெனவே இருந்த போர் வற்றிவிட்டது. எங்கள் வண்டி மத்தியப் பிரதேசத்திலிருந்து திரும்பியிருந்ததால், புதிதாக ஒன்று போட என் அப்பாவிடம் நாள் குறித்திருந்தார். பிள்ளைகள் வயரை இழுத்துக்கொண்டு நடப்பதை வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தவர், கடைசியில் கேட்டார். "எங்க போட்டாத் தண்ணி வருமாமா சாமி?"

பாகம்பிரியா இரண்டு நாள் கழித்துப் போய்ப் பதில் சொன்னாள். "அறுபது அடிக்குக் கீழ ஒடையாத பாறையாட்டத்தான் தெரியுதுங்கம்மா. போடாம இருக்கறது நல்லதுன்னு நெனைக்கறனுங்க."

ஜானகியம்மாள் எங்களுக்குப் போன் செய்து, வண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று அப்பா கேட்டார். அவரும் மறைக்காமல் சொன்னார்.

இரண்டரை வருடத்துக்குப் பிறகு அப்பா சித்தப்பா வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். நான் பின்னாலேயே ஓடினேன். அவள் தரையில் வரைபடத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"போட வேண்டாம்னு சொன்னயாமா?"

"ஆமாங்க பெரியப்பா."

"என்ற பொழப்புல கை வெக்கறதுக்குத்தான் சேலத்துக்குப் போயிப் படிச்சியா?"

"அது உங்க புக்கிங்னு எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சிருந்தா?"

அவள் யோசித்தாள். "தெரிஞ்சிருந்தாலும் அதையேதானுங்க சொல்லியிருப்பேன். பயந்துக்கிட்டே சொல்லியிருப்பேன்."

"அத்தன நிச்சயமா உனக்கு?"

"இல்லீங்க" என்றாள். "நிச்சயமில்லீங்க பெரியப்பா. கருவி காட்டறது ஒரு கணக்குத்தான். பத்துல ரெண்டு தப்பாவும் போகும். ஆனா அந்தம்மாகிட்ட இன்னொரு தடவ ஓட்ட போட்டுப் பாக்கறதுக்குத் தெம்பு இல்லீங்க."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம், அடித்துச் சொல்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் ஒருவேளை கத்தியிருப்பார். அடித்துச் சொல்கிறவர்களை முப்பது வருடமாகப் பார்த்தவர். திரும்பி வந்துவிட்டார். அன்றைக்கு ஜானகியம்மாளுக்குப் போட வேண்டிய வண்டியை ஓமலூருக்கு அனுப்பச் சொன்னார்.

மே மாதம் ஜானகியம்மாளின் மருமகன் வந்தார். "படிக்கிற புள்ள சொன்னதக் கேட்டுக் காட்டக் காயப்போடறதா?" என்று சொல்லி, வேறொரு வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்து போர் போட்டார். எங்களுக்குச் செய்தி வந்தபோது அப்பா என்னை அழைக்காமல் தனியாகவே அங்கே போனார். ரிக் வண்டிக்காரர்கள் ஒருவர் வண்டியை ஒருவர் போய்ப் பார்ப்பது வழக்கம்தான். சாயங்காலம் திரும்பி, நேராகச் சித்தப்பா வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சித்தி பதறிப்போய் டீ வைத்தார்.

பாகம்பிரியா கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஆயிரத்தி நூறு அடி" என்றார் அப்பா. "அம்பத்தஞ்சுல பாறை. அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் ஒரே கல்லு. ஒரு சொட்டு ஈரமில்ல."

டீயைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அறுபதுன்னு தானே நீ சொன்னே?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான். நீ செய்தது சரி என்றோ, அன்றைக்குக் கல்லூரியில் நடந்ததை மறந்துவிட்டேன் என்றோ அவர் சொல்லவில்லை. அதன் பிறகும் சொல்லவில்லை. ஆனால் பேச ஆரம்பித்துவிட்டார். மறுநாள் காலையில் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "அம்மிணி, பேப்பர் வந்துருச்சா பாரு" என்றார்.

சித்தியும் என் அம்மாவும் அன்று சாமிக்கு விளக்குப் போட்டார்கள். நான்கூட நினைத்தேன், இனிமேல் இவள் நிம்மதியாக இருப்பாள் என்று. அவள் முகத்தில் அது இல்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள் என் பைக்கில் ஏறி, "ஜானகியம்மா காட்டுக்குப் போலாங்கண்ணா" என்றாள்.

ஜானகியம்மாள் காய்ந்த மரவள்ளிக் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். கிணற்றோரத்தில் புதுப் போர்க்குழியின் மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். சுற்றிலும் சாம்பல் நிறக் கல்தூள் குவிந்து கிடந்தது. பாகம்பிரியா பழக்கத்தில் குனிந்து ஒரு கைப்பிடி எடுத்தாள். பிறகு வெட்கப்பட்டுக் கீழே போட்டாள்.

"நீ சொன்னாப்புலயே ஆயிப்போச்சு" என்றார் ஜானகியம்மாள். கோபமில்லை. குச்சிக்கட்டை முடிந்துகொண்டே சொன்னார். "ஆனா சாமி, நீ நெனைக்கறேன், நெனைக்கறேன்னு சொன்னே. எல்லாரும் வந்து அடிச்சுச் சொல்றாங்க. நீ ஒருத்திதான் மெல்லச் சொன்னே. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தீன்னா, நான் மருமகன்கிட்டச் சண்டையாவது புடிச்சிருப்பேன்."

அவள் குச்சிக்கட்டின் மறுபக்கத்தைப் பிடித்து, கட்டி முடிக்கும்வரை உதவி செய்தாள். வரும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ரோட்டோரத்தில் கொஞ்ச தூரம் போவதும் வருவதுமாக நடந்தாள். வண்டிகள் ஆரன் அடித்துக்கொண்டு போயின.

"நிச்சயமில்லாதத எப்படி அண்ணா அழுத்திச் சொல்றது?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் இன்னும் தெரியவில்லை.

இப்போது அவள் சேலத்திலேயே எம்.எஸ்சி. படிக்கிறாள். அஸ்தம்பட்டி பக்கம் ஒரு ஹாஸ்டல். ஞாயிற்றுக்கிழமைகளில் காடு அளந்து கொடுக்கச் சொல்லி யாராவது கூப்பிடுகிறார்கள். சில நேரம் அப்பாவே கூப்பிடுகிறார். அளந்த பிறகு தாளில் எண்களைக் கொடுத்துவிட்டு வருவதில்லை. வீட்டில் இருக்கிற எல்லோரையும், மாமியார் மருமகள் மருமகன் வரை, ஒன்றாக உட்காரவைத்துச் சத்தமாகச் சொல்கிறாள். இங்கே போடலாம். இங்கே போடக்கூடாது. இங்கே எனக்குத் தெரியாது. மூன்றாவதைச் சொல்லும்போதும் குரல் இறங்குவதில்லை. அதைப் பழகிக்கொள்ள அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அவள் காட்டிய இடங்களில் பாதிக்கு மேல் தண்ணீர் வந்திருக்கிறது. வராமலும் போயிருக்கிறது. ரிக் இறங்குகிற நாளில் அவளுக்குச் சோறு இறங்காது. போனை எடுத்துக்கொண்டு ஹாஸ்டல் மாடியில் நடந்துகொண்டிருப்பாள். எத்தனை அடி ஆச்சு, தூள் என்ன நிறம் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் வரும். முந்தாநாள் எடப்பாடி ரோட்டில் ஒரு காட்டில் போட்டுக்கொண்டிருந்தோம். முந்நூற்று எண்பதில் இருந்தபோது கூப்பிட்டாள். கம்ப்ரசர் இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அப்பா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"இன்னும் தூசிதான் அம்மிணி" என்றார் சத்தமாக. "நீ மொதல்ல போயிச் சாப்புடு. வந்தாச் சொல்றேன், வரலீன்னாலும் சொல்றேன்."